சபையோரின் கால் பங்கு

ஒரு சட்டத்தினால் ஒருவனுக்கு அநியாயம் நேர்ந்துவிட்டால், அந்தப் பாவத்தில், அச்சட்டம் பிறந்த சபையில் அமர்ந்து ‘ஆம்’ என்று குரல் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டா என்னும் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை. பொய்ச் சாட்சி சொன்னவனை ஊர் தூற்றும். தீர்ப்பில் பிழைத்த நீதிபதியை வரலாறு தூற்றும். அடித்து வாக்குமூலம் வாங்கிய காவலனை அவன் மனச்சாட்சியே ஒருநாள் தூற்றக்கூடும். ஆனால் அந்தச் சாட்சிக்கும் தீர்ப்புக்கும் வாக்குமூலத்துக்கும் இடம் வகுத்துக் கொடுத்த ஷரத்தினைப் பல்லாண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு பிற்பகலில், நூற்றுக்கணக்கானவரோடு சேர்ந்து நிறைவேற்றிவிட்டு வீடு திரும்பிய அங்கத்தினரை யாரும் நினைப்பதில்லை; அவரும் அதைப்பற்றித் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. செய்தவனைச் செய்வினை தொடரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, ஐந்நூறு பேர் கூடிச் செய்த வினையின் பலன் யாரைப் போய்ச் சேரும் என்று கணக்கிடத் தெரியாமற் போனதில் வியப்பில்லை. எனினும் இது அரசியல் நூலோர் மட்டும் ஆராய்ந்து விட்டுவிடக்கூடிய கேள்வி அன்று. வினைப்பயனை மெய்யென்று கொண்ட எந்தச் சமயத்தவரும் விடை கூறக் கடமைப்பட்ட கேள்வி.

பூந்தமல்லியில் இருந்துகொண்டு இக்கேள்வியைத் தவிர்ப்பது கடினம். பூவிருந்தவல்லி என்று பெயர் வழங்கும் இவ்வூர் வைணவ அடியாராகிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம். வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. மாசி மாதத்து மிருகசீரிடம் அவருடைய திருநட்சத்திரம். இங்கிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை, இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூரைத் தொட்டுக்கொண்டு காஞ்சிப் பக்கமாகப் போகிறது. அந்த ஸ்ரீபெரும்பூதூரில்தான், 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் இரவு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், அவரைக் காண வந்து நின்றவர்களும், காவற்பணியில் இருந்தவர்களுமாகப் பலர் வெடிகுண்டுக்கு இரையானார்கள். அவ்வழக்கு பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில், பொதுமக்கள் காணாத வகையில், பயங்கரவாதத் தடுப்புக்கான தடாச் சட்டத்தின்படி விசாரிக்கப்பட்டு, 1998 ஜனவரி 28 அன்று, கூண்டில் நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறருடைய விண்ணப்பத்தைப் பெருமாளிடம் எடுத்துச் சென்று விடை பெற்று வந்த ஓர் அடியாரின் ஊரும், நாடாளுமன்றம் இயற்றிய கடுஞ்சட்டங்கள் மனிதர்மேல் வந்து இறங்கும் ஊரும் இவ்வாறு ஒன்றாக அமைந்தன. இதில் தெய்வ சங்கற்பம் ஏதேனும் உண்டென்று சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து நினையாமல் இருக்க என்னால் இயலவில்லை.

சபையின் பாவத்தைப் பற்றி நம் முன்னோர் எண்ணிப் பாராமல் இருந்துவிடவில்லை. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம், நியாயம் பிறழ்ந்த இடத்தில் விளையும் அதர்மத்தை நான்கு கூறாக்கி, செய்தவனுக்குக் கால், சாட்சிக்குக் கால், சபையோர்க்குக் கால், அரசனுக்குக் கால் என்று பகுக்கிறது. மனிதரைப் பிறப்பினால் உயர்த்தியும் தாழ்த்தியும் விதித்த அந்நூலை நம் வாழ்வுக்குப் பிரமாணமாகக் கொள்ளலாகாது என்பதே என் துணிபு. ஆயினும் இந்த ஒரு பங்கீட்டில் இருக்கும் உண்மை, அதைச் சொன்ன நூலின் குற்றங்களால் பொய்யாகிவிடாது. சபைக்குள் புகாதே, புகுந்தால் நியாயத்தைப் பேசு, பேசாதிருப்பவனும் பிறழப் பேசுபவனும் ஒப்பப் பாவிகளே என்னும் கருத்துடைய சுலோகமும் அதே அத்தியாயத்தில் உள்ளது. தில்லியில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மின்தூக்கி ஒன்றின் அருகே அதைப் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். சமணப் பெரியோர்கள் இன்னும் நுணுகி நோக்கி, தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து ஒட்டும் என்றார்கள். கையால் கொல்லாதவனும், கொல் என்று ஏவாதவனும், கொலைக்கு இசைந்திருந்தால் வினைக்குத் தப்பினவன் ஆகான். வாக்களிப்பது என்பது இந்த மூன்றாவதன் தூய வடிவம் அல்லவா? உடன்படுதலைத் தவிர அதில் வேறு ஏதும் இல்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது. அந்நாளைய சபை சட்டம் செய்யவில்லை. தருமம் முன்னரே உள்ளது, அதனைக் கண்டு சொல்வதே சபையின் தொழில் என்று அவர்கள் நம்பினார்கள். இந்நாளைய சபையோ, நேற்றுக் குற்றமாக இராததை இன்று குற்றமாக்கவும், நேற்றுச் சாட்சியாகாததை இன்று சாட்சியாக்கவும் அதிகாரம் உடையது. தருமத்தைக் கண்டுரைத்தவர்களுக்கே கால் பங்கு என்றால், அதை ஆக்குபவர்களுக்கு அதனினும் குறையுமென்று எப்படிக் கொள்வது?

இனி, இந்த உடன்பாடு எங்ஙனம் பெறப்படுகிறது என்பதைச் சிறிது அணுகிப் பார்க்கவேண்டும். ஏனெனில் பாவமும் புண்ணியமும் பொதுவில் இல்லை, காரியத்தின் நுணுக்கத்தில்தான் இருக்கின்றன. மசோதா ஒன்றுக்கு ஒவ்வோர் அவையிலும் மூன்று வாசிப்புகள் உண்டு. முதல் வாசிப்பு, அறிமுகம் செய்ய அனுமதி கேட்பதோடு முடிவது. இரண்டாம் வாசிப்பின் முதற்பகுதியில் மசோதாவின் கொள்கையைப்பற்றிப் பேசுகிறார்கள்; தெரிவுக் குழுவுக்கோ நிலைக்குழுவுக்கோ அனுப்புவதென்றால் அனுப்புகிறார்கள். அதன்பின் வருவதுதான் ஷரத்து ஷரத்தாக ஆராயும் கட்டம். சபாநாயகர் ஒவ்வொரு ஷரத்தாக எடுத்து, இந்த ஷரத்து மசோதாவின் பகுதியாக நிற்பதா என்ற கேள்வியை அவைமுன் வைக்கிறார். திருத்தம் கொண்டுவர விரும்புகிற அங்கத்தினர் ஒரு நாள் முன்னதாகவே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்கவேண்டும். அவருடைய பெயரும், திருத்தத்தின் எண்ணும், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல்லை நீக்கி எதை வைப்பது என்ற குறிப்பும் அச்சிட்டு எல்லோருக்கும் வழங்கப்படுகின்றன. அவருடைய முறை வரும்போது, திருத்தத்தை முன்மொழிகிறீர்களா என்று தலைமை ஆசனத்திலிருந்து கேட்பார்கள். முன்மொழிகிறேன் என்றோ இல்லை என்றோ அவர் ஒரு சொல்லில் விடை கூறவேண்டும். பிறகு குரல் வாக்கு. ஆம் என்போர் ஒரு முறையும் இல்லை என்போர் ஒரு முறையும் ஒலிக்க, எந்த ஒலி மிகுந்தது என்று சபாநாயகர் தம் செவியால் தீர்மானிக்கிறார். யாரேனும் எழுந்து ஆட்சேபித்தால், மணி ஒலித்து, உறுப்பினர்கள் வந்து அமர்ந்து, ஒவ்வொருவர் வாக்கும் எண்ணப்படும். ஆட்சேபிப்பவர் இல்லையென்றால் யார் எப்பக்கம் ஒலித்தார் என்பதற்கு எந்த அடையாளமும் மிஞ்சாது.

திருத்தம் இல்லாத ஷரத்துகளைப் பத்தும் பதினைந்துமாக ஒன்று சேர்த்து ஒரே மூச்சில் கடப்பதும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகே, முதல் ஷரத்தும், இயற்று வாசகமும், நீண்ட தலைப்பும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உடல் இன்னதென்று தெரிந்த பின்னரே பெயர் சூட்டவேண்டும் என்னும் இந்த முறைமையில் ஓர் அழகும் நேர்மையும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் வாசிப்பில் மசோதாவை முழுமையாக ஏற்பதா மறுப்பதா என்பது மட்டுமே கேள்வி. சொற்பிழை போன்ற சில்லறைத் திருத்தங்களுக்கே அங்கு இடம். பிறகு மற்ற அவை. அங்கு திருத்தப்பட்டால் முதல் அவைக்கே மீண்டும் வரும். இரு அவைகளும் இணங்காவிடில் அரசியல் சாசனத்தின் 108ஆம் விதிப்படி கூட்டுக் கூட்டம். ஈற்றில் குடியரசுத் தலைவரின் சம்மதம்.

இவ்வளவு நீண்ட பாதையில், தருமம் தங்கும் இடம் ஷரத்து ஆராயும் அந்தக் கட்டம்தான் என்பது என் எண்ணம். கொள்கை விவாதத்தின்போது தேசம் பேசப்படுகிறது, பயங்கரவாதம் பேசப்படுகிறது, எல்லை பேசப்படுகிறது, மனிதன் பேசப்படுவதில்லை. ஷரத்துக்கு வரும்போதுதான், கைது செய்யப்பட்ட ஒருவன், இன்ன அதிகாரியின் முன் இன்ன நேரத்தில் நிறுத்தப்பட்ட ஒருவன், முதன்முறையாகச் சபைக்குள் நுழைகிறான். அவனுக்காக ஒரு சொல்லை மாற்றக்கூடிய வாய்ப்பும் அப்போதுதான் வருகிறது. அந்தக் கணம் கடந்தபின் வராது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், அந்நிய ஆட்சியார் செய்ததுதான்; ஆனாலும் காவல்துறை அதிகாரியிடம் ஒருவன் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று அது தடுத்தது. பூட்டிய அறையில் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய தடை அது. சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 1987இல் நிறைவேற்றிய தடாச் சட்டமோ, கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அந்த ஒப்புதல் செல்லும் என்று தன் 15ஆம் பிரிவில் விதித்தது. இந்தப் பிரிவு பூந்தமல்லியில் என்ன செய்தது என்பதை நாடறியும். பேரறிவாளன் என்னும் இளைஞர் 1991 ஜூன் மாதத்தில் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. வெடிகுண்டுக்கு இரண்டு மின்கலங்கள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்டவற்றுள் தலையானது. அதற்கு ஆதாரம் 15ஆம் பிரிவின்படி பதிவான வாக்குமூலம். அம்மின்கலங்கள் எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்ற பின், 2013இல் வெளிப்படச் சொன்னார். அதற்குள் 22 ஆண்டுகள் சென்றிருந்தன. விடுதலை வந்தது 2022 மே 18 அன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். அந்த இரவில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு நேர்ந்த துயரத்தை, விசாரணையில் நேர்ந்த பிழையைச் சொல்வதனால் யாரும் சிறிதாக்கிவிட முடியாது; சிறிதாக்க நினைப்பவனும் பாவியே. நிரபராதிகளின் உயிரைக் காக்க வலிய சட்டம் வேண்டும் என்று நினைத்தவர்களின் நெஞ்சில் கொடுமை இருந்தது என்றும் நான் கருதவில்லை. எண்ணம் நல்லதாயிருந்தும் செயல் தீதாய் விளையக்கூடும் என்பதுதான் இந்த விசாரத்தின் கடினமான முடிச்சு.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. தடாச் சட்டம் 1995 மே மாதத்தில் காலாவதியாகி மறைந்தது. சட்டத்தின் சரீரம் விழுந்துவிட்டது. ஆனாலும் முன்பே தொடங்கிய வழக்குகள் தொடரும் என்று அதிலேயே எழுதி வைத்திருந்ததால், மறைந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆன ஒரு சட்டத்தின்படி பூந்தமல்லியில் 26 பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது தடாச் சட்டத்தில் அடங்கும் குற்றமே அன்று என்று கூறி அச்சட்டத்தின்படியான குற்றச்சாட்டுகளைத் தள்ளி, 19 பேரைச் சிறையிலிருந்து விடுவித்து, நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை ஆக்கியது. குற்றச்சாட்டு போயிற்று, சட்டமும் முன்பே போயிருந்தது, ஆனால் 15ஆம் பிரிவின்படி எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லுபடியாகும் என்று நின்றன. வேதாந்திகள் பிராரப்தம் என்று சொல்வதற்கு, ஞானம் வந்த பின்னும் தொடங்கிய வினை அனுபவித்தே தீரும் என்பதற்கு, இதைவிட வெளிப்படையான சான்றை நான் கண்டதில்லை.

திருக்கச்சி நம்பிகளிடம் இப்போது வரவேண்டும். காஞ்சி வரதராஜராகிய பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசுகிற கைங்கரியம் அவருடையது. பெருமாள் அவரோடு பேசுவார் என்பது ஸம்பிரதாயம். வைசியர் குலத்தில் பிறந்த அவரை, அந்தணராகிய இராமாநுஜர் ஆசாரியர்போல் கருதி, அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பினார் என்பது, அக்காலத்துச் சட்டங்களைத் தம் நெஞ்சில் திருத்தி எழுதிய ஒரு மகானின் செய்கை. இராமாநுஜர் தமக்குள்ள ஐயங்கள் இன்னவென்று விரித்துரையாமலே, பெருமாளிடம் கேட்டு விடை பெற்றுத் தருமாறு நம்பிகளை வேண்டினார். நம்பிகள் ஆறு வார்த்தைகளைப் பெற்று வந்தார். தானே பரதத்துவம் என்றும், ஆன்மாவும் இறைவனும் வேறென்றும், சரணாகதியே உபாயமென்றும், அந்திமத்தில் தன்னை நினைக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லையென்றும், சரீரம் விழும்போது மோட்சமென்றும், பெரிய நம்பிகளை ஆசாரியராகப் பற்றுக என்றும் அருளியதாகச் சொல்வார்கள்.

இவற்றில் நான்காவதை நான் நெடுநேரம் எண்ணியதுண்டு. உயிர் பிரியும் கணத்தில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்லும் விதி. விதி உயர்ந்தது, ஆனால் சாகும் மனிதனின் நிலை என்ன? கபம் தொண்டையை அடைக்கிறது, புலன்கள் கலங்குகின்றன, பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. அந்த நிலையில் இருப்பவன்மீது, இவ்வாறு நினை என்று ஒரு கடமையைச் சுமத்துவது தகுமா? உடல் நன்றாயிருந்தபோது என்னை நினைத்தவன், மரக்கட்டைபோல் கிடக்கும்போது அவனை நான் நினைக்கிறேன் என்று வராகப் பெருமான் உரைத்ததாக வைஷ்ணவர்கள் போற்றுகிறார்கள். நம்பிகள் கொண்டுவந்த நான்காம் வார்த்தையின் உட்பொருளும் அதுவே. இறைவன் தன் விதியை, அதன் கீழே கிடப்பவனின் மிக எளிய நாழிகையை முன்னிட்டுத் தானே திருத்திக்கொண்டான் என்று இதைச் சொல்லலாமானால், மனிதர் செய்யும் சட்டத்துக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் எது? காவல் நிலையத்தின் உள்ளறையில், உறக்கமின்றி, வழக்கறிஞரின்றி, வீட்டாருக்குச் செய்தியின்றி இருக்கும் ஒருவனுடைய சொல்லை அவனுடைய இறுதிச் சொல்லாகக் கொள்வது என்பது, மரணப்படுக்கையில் இருப்பவனுடைய நினைவைக் கொண்டு அவன் வாழ்நாள் முழுவதையும் நிறுத்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும். தெய்வம் கேளாததைக் கேட்க அரசுக்கு என்ன உரிமை?

தடாவுக்குப் பிறகு பொடா என்னும் மற்றொரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் வாசலிலேயே துப்பாக்கி ஏந்தியவர்கள் புகுந்து, காவலரும் தோட்டக்காரரும் உயிரிழந்த நினைவு ஆறாதிருந்த காலம். மக்களவை மசோதாவை ஏற்றது. 2002 மார்ச் 21 அன்று மாநிலங்களவை மறுத்தது. மார்ச் 26 அன்று மைய மண்டபத்தில் இரு அவைகளும் ஒன்றுகூடி, 425க்கு 296 என்ற கணக்கில் அதை நிறைவேற்றின. சுதந்திர இந்தியாவின் வரலாற்றில் மூன்றாவது கூட்டுக் கூட்டம் அது. முதலாவது 1961இல் வரதட்சணைத் தடைக்காகக் கூடியது. கூட்டுக் கூட்டத்தில் புதிய திருத்தங்களுக்குச் சாசனம் மிகக் குறுகிய இடமே விட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். மறுத்த அவைக்கு அங்கே விடை கிடைக்கவில்லை, எண்ணிக்கை கிடைத்தது.

பொடாவின் 21ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு தேடிக் கூட்டத்தில் பேசுவதையும் குற்றமாக்கியது. 2002 ஜூன் மாத இறுதியில் திருமங்கலத்தில் ஆற்றிய உரைக்காக, மக்களவை உறுப்பினராயிருந்த வைகோ ஜூலை மாதத்தில் கைதானார். பொடாவைக் கொணர்ந்த ஆளுங்கூட்டணியில் அங்கம் வகித்த கட்சியின் தலைவர் அவர். வேலூர்ச் சிறையில் ஏறத்தாழ 19 மாதங்கள் இருந்தார். வழக்கு நடந்தது பூந்தமல்லியில். சட்டம் செய்யும் சபையின் அங்கத்தினர் ஒருவரே, அச்சபையின் சட்டத்தினால் பிடியுண்டு நம் ஊர் நீதிமன்றத்துக்கு வந்து நின்றார். இதைக் கண்டு அந்நாளில் எள்ளி நகைத்தவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டம் யார்மீதும் இறங்கக்கூடும் என்பதை ஒரு தேசம் கண்ணெதிரே கண்ட தருணம் அது. நகைப்பதற்கு அதில் ஏதும் இல்லை.

2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடாவைச் செல்லும் என்று சொன்னது. ஆனால், பயங்கரவாதச் செயலுக்கு உதவும் கருத்து இல்லாமல் வெறும் தார்மிக ஆதரவாகப் பேசியது 21ஆம் பிரிவில் குற்றமாகாது என்றும் விளக்கியது. இந்த விளக்கத்தைச் சட்டத்தின் வாசகமாக எழுதினால் ஐந்தாறு சொற்களுக்கு மேல் போகாது. மக்களவையில் ஷரத்தை ஆராய்ந்த பொழுதிலேயே அச்சொற்கள் ஏறியிருந்தால், ஒருவர் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சிறையில் இருக்க நேர்ந்திராது. சபை செய்யத் தவறிய திருத்தத்தை நீதிமன்றம் செய்யும்போது, இடையில் கழிந்த நாட்களுக்கு யார் பொறுப்பு? மனுவின் கணக்கில் அந்தக் கால் பங்கு இங்கேதான் வந்து நிற்கிறது.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லலாம், வலிமையான மறுப்பு. அரசு நடத்துவோர் முற்றத் துறந்த முனிவர்கள் அல்லர். இன்று இரவு குண்டு வெடிக்கலாம் என்ற செய்தி வரும்போது, ஒவ்வொரு சொல்லின் வினைப்பயனையும் ஆராய்ந்துகொண்டிருந்தால் மக்கள் மடிவார்கள் என்பார்கள். இந்த நெருக்கடியை உணர்ந்தவர்களில் சர்தார் படேலும் ஒருவர். சாசனம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1950 பிப்ரவரி 25 அன்று, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்து, அன்றே அது நிறைவேறியது. அதைக் கொண்டுவருமுன் உறக்கமில்லாத இரவுகளைக் கழித்ததாக அவர் சபையில் சொன்னார். அச்சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் தொடக்ககாலப் பெருவழக்குகளில் ஒன்று. படேலின் முடிவு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த உறக்கமின்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று பிறந்த அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 வரை வாழ்ந்தபோது, நீட்டித்த சபைகளில் அந்த உறக்கமின்மையும் உடன் நீட்டிக்கப்பட்டதா என்பதே என் வினா.

பிராயச்சித்தம் உண்டா? சபைகளுக்கும் மனந்திரும்புதல் உண்டு என்பதற்கு இந்த வரலாற்றிலேயே ஆறுதல் கிடைக்கிறது. பொடா, காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை மீண்டும் ஏற்றதென்றாலும், 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தந்தவனை நீதித்துறை நடுவரிடம் நிறுத்தி, துன்புறுத்தப்பட்டானா என்று கேட்கவேண்டும் என்ற காவலையும் சேர்த்தது. 2004இல் பொடா நீக்கப்பட்டபின், அதன் பல பகுதிகள் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் இடம்பெயர்ந்தன. ஆனால் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய பகுதி மட்டும் அங்கே குடியேறவில்லை. 1987இல் செய்த பிழையை 2002இல் பாதியும் 2004இல் மீதியும் உணர்ந்தார்கள் என்று கொள்ளலாம். பதினேழு ஆண்டுகள். அதற்குள் அந்தப் பிரிவின் கீழ் வந்தவர்களுக்கு அந்தத் திருந்துதலால் பயன் இல்லை. பாவத்துக்குக் கழுவாய் தேடுகிறவன், தன்னால் கெட்டவனைத் தேடிச் சென்று ஈடு செய்யவேண்டும் என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன; சட்டத்தை நீக்குகிற சபை, பழைய வழக்குகள் தொடரும் என்று ஒரு பிரிவை எழுதிவிட்டு எழுந்து போகிறது.

இனி, அங்கத்தினரின் தரப்பில் சொல்லத்தக்க ஒன்று எஞ்சியிருக்கிறது. 1985இன் 52ஆம் சாசனத் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தபிறகு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களியாது விலகினாலோ பதவி போய்விடும். கட்டப்பட்ட கை செய்த காரியத்துக்குக் கையை உடையவன் பொறுப்பாளியா? விலைக்கு வாங்கப்படும் இழிவைத் தடுக்கவே அவ்விதி வந்தது. அந்த நோக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் கொறடா வாக்கைத்தான் கட்டுகிறார். ஷரத்தைப் படிப்பதையோ, அதற்குத் திருத்தம் எழுதி அறிவிப்புக் கொடுப்பதையோ, இந்தச் சொல் இன்னாரைக் கெடுக்கும் என்று எழுந்து சொல்வதையோ பத்தாம் அட்டவணை தண்டிப்பதில்லை. பேசாதிருந்தவனும் பாவி என்ற வாக்கு, வாக்குரிமை கட்டுண்ட பின்னும் முழு வலிவோடு நிற்கிறது. மகாபாரதத்தில் பாஞ்சாலி சபையில் நின்று கேட்ட கேள்விக்குப் பீஷ்மர் நேரான விடை கூறாது மயங்கியபோது, துரியோதனன் தம்பியாகிய விகர்ணன் எழுந்து, இது நியாயமன்று என்றான். அவனிடம் வாக்கு இல்லை, வலிவும் இல்லை. கர்ணன் அவனை இகழ்ந்து உட்காரச் செய்தான். பின்னால் அவன் கௌரவர் பக்கத்தில் நின்றே போரிட்டு மடிந்தான். ஆயினும் அவனைக் கொன்ற பீமன் அவனுக்காக வருந்தியதாக வியாசர் எழுதுகிறார். நூற்றுவரில் பிறருக்கு அவ்வருத்தம் கிட்டவில்லை.

பேசுவதற்கும் காலம் வேண்டும். மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2008 டிசம்பர் 16 அன்று, தேசியப் புலனாய்வு முகமை மசோதாவும், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புத் திருத்த மசோதாவும் மக்களவையில் அறிமுகமாயின. மறுநாள் அங்கே நிறைவேறின. அதற்கு மறுநாள் மாநிலங்களவையில் நிறைவேறின. பூந்தமல்லி நீதிமன்றத்தில் இன்று நடக்கும் வழக்குகள் பல அந்த மூன்று நாட்களில் பிறந்தவற்றின் சந்ததி. திருத்தத்துக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்ற விதியையும், மசோதா வந்த மறுநாளே நிறைவேறிய வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் அங்கத்தினர் அதைப் படித்து, ஒரு வழக்கறிஞரைக் கேட்டு, இரவில் ஒரு முறையேனும் தன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க எத்தனை நாழிகை இருந்திருக்கும்? நிலைக்குழுவுக்கு அனுப்பும் வழக்கம் இந்த அவகாசத்தைத் தருவதற்காகவே ஏற்பட்டது. 15ஆம் மக்களவையில் பத்து மசோதாக்களில் ஏழு குழுவுக்குச் சென்றன. 17ஆம் மக்களவையில் ஏறக்குறைய ஆறில் ஒன்றே சென்றது. குழுவில் தோற்றவர்கள் தங்கள் மறுப்புக் குறிப்பை அறிக்கையோடு சேர்த்து அச்சிட உரிமை உண்டு. அந்த உரிமையும் குழுவோடு சுருங்கியது.

பூந்தமல்லி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் அடங்கியது. தனி நீதிமன்றத்துக்கு வரும் காவல் வாகனங்களையும், அவற்றின் பின்னே சாலையோரத்தில் காத்து நிற்கும் தாய்மாரையும் மனைவியரையும் நாள்தோறும் காண்கிறவர்கள் இவ்வூர் மக்கள். தம் தொகுதிக்கு எத்தனை பாலம் வந்தது, எத்தனை ரயில் நின்றது என்று பிரதிநிதியைக் கேட்பதோடு, இன்னொன்றையும் கேட்க அவர்களுக்கு மற்றெவரையும்விட உரிமை உண்டு: பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட அன்று நீங்கள் அவையில் இருந்தீர்களா, எந்த ஷரத்துக்கு என்ன திருத்தம் எழுதிக் கொடுத்தீர்கள், அது குரல் வாக்கில் அமிழ்ந்தபோது, எழுந்து, எண்ணிப் பாருங்கள் என்று கேட்டீர்களா என்பதை.